ஆரிஜின்ஸ் டிஎல்சி தரவரிசை: ஷேலுக்கு மேல எது?

கருங்கல்

மூணாவது தடவையா டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்ங்கிற மாயாஜால வீடியோ கேமை முடிச்சாச்சு. இந்த முறை டிஎல்சி (மூல கேம்ல சேர்க்க தனியா டவுன்லோட் பண்ற கூடுதல் பகுதி) ஒண்ணுகூட விடலை. 2009 நவம்பர்ல கேம் வந்தது, 2010 செப்டம்பர்ல கடைசி டிஎல்சி. பத்து மாசத்துக்குள்ள கேமைச் செஞ்ச பயோவேர் இத்தனையை இறக்கியிருக்காங்க. எது அரைவேக்காடு, எது வெந்து வந்ததுன்னு ஆடும்போதே தெரியுது.

என் அளவுகோல் ஒண்ணுதான். அந்த டிஎல்சி இல்லாம மூல கேமை மறுபடி ஆடினா, ஏதோ காணாமப் போன மாதிரி இருக்கா? இருந்தா மேலே. இல்லாட்டி கீழே.

அப்படிப் பார்த்தா முதல் இடம் ஸ்டோன் பிரிசனர். ஹானலீத் கிராமம், நடுவுல எச்சம் படிஞ்சு நிக்கிற ஒரு கல் உருவம், அதை எழுப்ப ஒரு கட்டுப்பாட்டுக் கோல். குவெஸ்ட்டா பார்த்தா சின்னதுதான். ஆனா அது முடிஞ்சதும் ஷேல் நம்மகூடவே கிளம்பி கடைசி வரைக்கும் வருது. 30 வருஷம் ஊர் நடுவுல அசையாம நின்னதுல பறவைகள் மேல அதுக்கு இருக்கிற வன்மம் இருக்கே, அதுக்காகவே பார்ட்டியில ஒரு இடம் ஒதுக்கலாம்.

ரெண்டு வார்டன்ஸ் கீப், மூணு லெலியானாஸ் சாங், நாலு விட்ச் ஹன்ட், அஞ்சு கோலெம்ஸ் ஆஃப் அம்கராக், ஆறு ரிட்டர்ன் டு ஒஸ்டகார், ஏழு டார்க்ஸ்பான் க்ரானிக்கிள்ஸ். ஃபீஸ்ட்டே பரிசுப் பையை நான் டிஎல்சியாவே எண்ணலை. பரிசைக் கொடுத்து அப்ரூவலை (கூட வர்றவங்க நம்ம மேல வெச்சிருக்கிற மதிப்பு) ஏத்துறதும், குறும்புப் பொருளைக் கொடுத்து இறக்குறதும்தான் அதுல வேலை. கூட வர்றவங்களோட பேசிப் பழகி சம்பாதிக்கிறதுதான் இந்த கேமோட உயிர். அதை ஒரே அழுத்துல வாங்கிட்டா மிச்சம் என்ன?

அவேகனிங்கை வேணும்னேதான் விட்டிருக்கேன். அது விரிவாக்கம், தனி ஜாதி.

சாம்பல்காவலன்

வரிசை போடுறேன்னு வந்துட்டு யானையை வெளியில நிறுத்திட்டீங்க.

2010 மார்ச்ல அவேகனிங் வந்தது, டவுன்லோடாவும் கிடைச்சது. லெவல் வரம்பு 35 வரைக்கும் போச்சு. மூல கேம்ல கூட வந்த அலிஸ்டர் துணையில்லாம, மோரிகன் துணையில்லாம, நீங்களே டார்க்ஸ்பான் அரக்கர்களோட போராடுற வார்டன்களுக்குத் தலைவரா ஒரு கோட்டையில உட்காருறீங்க. மூல கேம் முழுக்கப் படை கேட்டு ஊர் ஊரா அலைஞ்ச ஆள்கிட்ட இப்ப ஜனங்க நியாயம் கேட்டு வர்றாங்க. இருக்கிற கொஞ்சப் படையை வயல்வெளிக்கு அனுப்புறதா, நகரத்துக்கா, வணிகப் பாதைக்கான்னு முடிவெடுக்கணும். எங்க அனுப்பினாலும் இன்னொரு பக்கம் சாபம் விடும்.

இன்னொரு விஷயம், நேதனியல் ஹவ். மனித பிரபுவா ஆரம்பிச்சவங்களுக்கு அவன் யாருன்னு சொல்ல வேண்டாம். உங்க குடும்பத்தையே அழிச்சவனோட மகன், உங்களைக் கொல்ல வந்து பிடிபட்டு, கோட்டைச் சிறையில கம்பிக்குப் பின்னால நிக்கிறான். தூக்குல போடலாம், விட்டுடலாம், வார்டனா சேர்த்துக்கலாம். நான் முதல் தடவை தூக்குல போட்டேன். ரெண்டாவது தடவை சேர்த்துக்கிட்டேன். முதல் தடவை எவ்வளவு அவசரப்பட்டிருக்கேன்னு அவனோட பேசினப்பதான் தெரிஞ்சது.

இதை விட்டுட்டு ஏழு பேருக்கு மார்க் போட்டா அது தரவரிசையா?

கடுகு

யானைக்கு பக் (நிரல் கோளாறு) நிறைய இருந்துச்சே அண்ணே. சில்வரைட் சுரங்கத்துக்குள்ள போனப்ப போட்டிருந்த கவசம், வாள் எல்லாத்தையும் உருவிட்டாங்க. கதைப்படி திரும்பக் கிடைக்கணும். எனக்குக் கிடைக்கலை. மிச்ச கேமை பரதேசிக் கோலத்துலதான் முடிச்சேன்.

மிளிர்வாள்

@கடுகு அது ஊரறிஞ்ச பக். சுரங்கத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சேவ் தனியா வெச்சுக்கணும். இல்லாட்டி பிடிச்ச சாமானைக் கழட்டிக் கோட்டைப் பெட்டியில போட்டுட்டுப் போகணும்.

அதைவிடப் பெரிய துரோகம் வேற. வார்டன்ஸ் கீப்ல விண்கல் உலோகத்துல அடிச்சு வாங்கின ஸ்டார்ஃபாங் வாளோட அவேகனிங்குக்குப் போனேன். உள்ளே போய்ப் பார்த்தா வாளைக் காணோம்! வார்டன்ஸ் கீப், ஒஸ்டகார் சாமான் எதையும் அவேகனிங் அடையாளம் கண்டுக்கலை. ரசிகர்கள் செஞ்ச மோட் போட்டுத்தான் மீட்டேன். ஒரே கம்பெனி, ஒரே கேம், ஒரு வருஷத்துக்குள்ள வந்த ரெண்டு டிஎல்சிக்கு ஒண்ணை ஒண்ணு தெரியலை.

@கருங்கல் அம்கராக்கை அஞ்சாவதா வெச்சது அநியாயம். மூல கேம் கடைசியில நம்ம ஆளுங்க பலம் எங்கேயோ போயிடுது, எந்தச் சண்டையும் சண்டையா இல்லை. நல்ல பாடம் புகட்டினது அம்கராக் மட்டும்தான். பழக்கப்பட்ட பார்ட்டி கிடையாது. ஜெரிக் டேஸ், அவனோட சகோதரன் ப்ரோகன், ஒரு கோலெம் (ஷேல் மாதிரி நடமாடுற உருவம்), ஸ்னக்னு ஒரு ப்ரான்டோ மிருகம். அவ்வளவுதான். லிரியம்ங்கிற மந்திரத் தாதுவோட ஊத்துக்களைத் தொட்டா உலகமே நிறம் மாறும், ஒரு நிறத்துல இருக்கிற கதவு இன்னொண்ணுல இருக்காது. கடைசில அந்த ஹார்வெஸ்டர்... பிணங்களை ஒட்டுப்போட்டுச் செஞ்ச மலை. அதைச் சாய்ச்சுட்டு மூச்சு விடலாம்னு பார்த்தா அதுக்குள்ள இருந்து இன்னொண்ணு ஓடி வருது. நைட்மேர்ங்கிற உச்சக் கடின நிலையில எத்தனை தடவை செத்தேன்னு கணக்கு வைக்கலை.

தேன்சிட்டு

மிளிர்வாள், நீங்க சண்டைக்காக ஆடுறீங்க, நான் ஆட்களுக்காக ஆடுறேன். அம்கராக் முடிச்ச மறுநாள் அதுல யாரு என்ன பேசினாங்கன்னு எனக்கு ஒரு வரிகூட நினைவில்லை.

லெலியானாஸ் சாங் மூணாவது இடத்துல இருக்கு, சந்தோஷம். ஆனா காரணமே சொல்லலையே? மூல கேம்ல லெலியானா தன் கதையை ஒரு மாதிரிதான் சொல்லுவா. குரு மார்ஜலேன் காட்டிக்கொடுத்தா, ஓடி வந்தேன், மடத்துல சேர்ந்தேன். டிஎல்சியில நாமே லெலியானாவா நடக்கிறோம். டெனரிம் தெருவுல டக், ஸ்கெட்ச் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு ராத்திரியில விளையாட்டுத்தனமா திரியுறது, அதுக்கப்புறம் அந்தச் சிறை. அவ சொன்ன கதையில எதை மறைச்சா, எதை மெருகு போட்டாங்கிறது அப்பதான் தெரியும். பாடகி இல்லையா, கொஞ்சம் மாத்தித்தான் பாடுவா.

இன்னொண்ணு. அதுல டொரோதியான்னு ஒரு மடத்துத் தாய் வருவாங்க. 2014ல இன்க்விசிஷன் வந்தப்ப, அதோட ஆரம்பத்துல செத்துப்போற மதத் தலைவி டிவைன் ஜஸ்டினியா யாருன்னு பார்த்தா அவங்கதான். லெலியானா அந்த மூணாவது கேம்ல ஏன் அவ்வளவு உடைஞ்சு கிடக்கிறான்னு இந்த டிஎல்சி ஆடாதவங்களுக்கு அரைகுறையாத்தான் புரியும். 2 மணி நேரக் கதை, நாலு வருஷம் கழிச்சு வந்த கேமுக்கு அஸ்திவாரம்.

அப்புறம் ஷேல் முதல் இடம், கையெழுத்துப் போடுறேன். கோலெம்களை உருவாக்கின காரிடினுக்கு முன்னாடி அவ நிக்கிற காட்சி ஒண்ணு போதும்.

புதுசுநான்

வணக்கம். நான் கேமை இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன், லோதரிங் ஊரைத் தாண்டியாச்சு. ஒரு சந்தேகம். கருங்கல் ஷேலை "அது"ன்னு சொல்றார். தேன்சிட்டு "அவ"ன்னு சொல்றாங்க. எது சரி?

கடுகு

போச்சு.

தேன்சிட்டு

ஐயோ. மன்னிச்சுக்கங்க தம்பி, வாய் தவறிடுச்சு. "அது"தான் சரி. கல்தானே.

கருங்கல்

நான் பொத்திப் பொத்தி "அது"ன்னு எழுதினதே இதுக்காகத்தான். இங்கிலீஷ்ல ஆடுறப்ப இந்தச் சிக்கலே கிடையாது, பேரை மட்டும் வெச்சு ஒப்பேத்திடலாம். தமிழ்ல வினைமுற்று வந்தாலே குட்டு உடைஞ்சிடும்.

புதுசு, இதுக்கு மேல இந்த இழையைப் படிக்காதீங்க. போய் ஹானலீத் போயிட்டு வாங்க. கோலை வெச்சிருக்கிற வியாபாரி வழியில சந்திப்பார், காசு கேட்க மாட்டார், தொல்லை விட்டா போதும்னு கையில திணிச்சிடுவார். அவர் சொல்ற மந்திரச் சொல் வேலை செய்யாது, பதறாதீங்க. நிலவறைக்குள்ள போகணும். அங்க பேசுற பூனையை மட்டும் நம்பிடாதீங்க.

ஒற்றைநரி

நான் சண்டை போடத்தான் வந்தேன். ஒஸ்டகார் ஆறாவது இடமா?

தெரியும், சின்னது. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். 2010 ஜனவரியில வந்தப்ப எல்லாரும் திட்டினதும் ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க சொன்ன அளவுகோலையே எடுத்துக்கங்க. இல்லாம ஆடினா குறை தெரியுதா? ஒஸ்டகார்தான் கேமோட காயம். ராஜா கெய்லன் செத்த இடம், வார்டன் தலைவர் டங்கன் செத்த இடம், ராஜாவோட தளபதி லோகெய்ன் முதுகைக் காட்டின இடம். மூல கேம்ல அந்த இடத்துக்குத் திரும்பவே வழி இல்லை. வரைபடத்துல பேர் மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கும்.

டிஎல்சி போட்டா திரும்பலாம். இப்ப பனி மூடிக் கிடக்கு. முதல் தடவை அத்தனை கூடாரமும் ஆளும் சத்தமுமா இருந்த இடம். கெய்லன் ராஜாவை டார்க்ஸ்பான் எங்க, எப்படித் தொங்கவிட்டிருக்காங்கன்னு பாலத்துல பார்ப்பீங்க. அதை எரியூட்டுறதா, ஓநாய்க்குப் போடுறதா, அப்படியே விடுறதான்னு கேட்கும். அலிஸ்டரைக் கூட்டிக்கிட்டுப் போனவங்களுக்குத் தெரியும், அந்த இடத்துல அவன் ஜோக் எல்லாம் காணாமப் போயிடும். டங்கனோட வாளும் கத்தியும் எங்க இருக்கு? ராஜாவைக் கொன்ன அதே ஓக்ர் அரக்கனோட உடம்புல. அவர் குத்தின இடத்துலயே.

ஆனா நான் மேலே தூக்கி வைக்கிறதுக்குக் காரணம் அந்தக் கடிதங்கள். கெய்லனோட பெட்டியில இருக்கும். ஆர்லே பேரரசியோட ராஜா தனியா கடிதப் போக்குவரத்து வெச்சிருந்திருக்கான். இன்னொரு கடிதத்துல, வாரிசு இல்லாத ராணி அனோராவைத் தள்ளிவைக்கச் சொல்லி ராஜாவோட மாமா எமன் பிரபு யோசனை சொல்றார். அனோரா யாரு? லோகெய்னோட மக. ஆர்லே யாரு? அவன் இளமை முழுக்க எந்த ஆட்சியை விரட்டப் போராடினானோ அந்த நாடு. மூல கேம் ஆடினப்ப லோகெய்ன் எனக்கு வெறும் துரோகி. கடிதத்தைப் படிச்சப்புறம் அந்தாள் மேல இருக்கிற கோபம் குறையலை, ஆனா கொஞ்சம் விளங்க ஆரம்பிச்சது.

இந்தப் பெட்டியைத் திறக்கும்போது லோகெய்னே பக்கத்துல நிக்கணும்னா முதல்ல லேண்ட்ஸ்மீட்டை (பிரபுக்கள் சபை) முடிச்சு அவனை உயிரோட விடணும். அலிஸ்டர் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவான். ஒரு தடவை அப்படி ஆடிப் பாருங்க. வேற கேம்.

சாம்பல்காவலன்

@ஒற்றைநரி நான் லோகெய்னை ஒரு தடவைகூட உயிரோட விட்டதில்லை. இப்ப யோசிக்க வெச்சுட்டீங்க.

மிளிர்வாள்

கடிதம் படிக்க ஒரு டிஎல்சி. சரி.

ஒற்றைநரி

சாமான் வேணும்னா கெய்லனோட தங்கக் கவசம் மொத்தமும் கிடைக்குதே, அதை எடுத்துக்கங்க. அவேகனிங்ல தொலைஞ்சு போற வரைக்கும் போட்டுக்கலாம்.

கருங்கல்

கடித விஷயத்துல நான் தோத்தேன். முதல் ஆட்டத்துல லோகெய்னை அலிஸ்டர் கையால வெட்டிட்டுத்தான் ஒஸ்டகார் போனேன். அந்தக் கடிதம் வெறும் காகிதமா போச்சு.

ஆனா வார்டன்ஸ் கீப்பை ரெண்டாவதா வெச்சதுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லிடுறேன், யாரும் கேட்கலைன்னாலும். சோல்ஜர்ஸ் பீக் கோட்டை, பேய் பிடிச்ச சோஃபியா ட்ரைடன், உச்சியில இருநூறு வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கிற கிழவன் ஆவர்னஸ். சோஃபியா ராஜாவை எதிர்த்துக் கலகம் பண்ணினா, தோத்தா, அதனால வார்டன்களையே ஃபெரல்டன் நாட்டுல இருந்து துரத்திட்டாங்க. இவ்வளவு குறைஞ்ச வார்டன்கள் ஏன் ஃபெரல்டன்ல இருக்காங்கங்கிற கேள்விக்கு மூல கேம் ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடும். இங்க அந்த வரியோட விலை என்னன்னு சுவத்துல ரத்தமா இருக்கு.

ஆவர்னஸ் தன் சக வார்டன்களை வெச்சே சோதனை பண்ணினவன். அவனைக் கொல்லலாம். வேலையைத் தொடரச் சொல்லலாம். அவன் வடிச்ச மருந்தை நீங்களே குடிக்கலாம், புதுத் திறன்கள் வரும். நான் கூச்சமில்லாம குடிச்சேன். குடிச்சப்புறம்தான், இதுக்காகச் செத்தவங்க எத்தனை பேர்னு ஒரு நிமிஷம் கை நின்னது. கேம் அதைக் கேட்கலை. நானே கேட்டுக்கிட்டேன்.

கடுகு

எல்லாம் சரி. அந்த லீவை ட்ரைடன் கேம்ப்ல வந்து நின்னதை மறந்துட்டீங்களா? தலைக்கு மேல குவெஸ்ட் அடையாளம் மின்னும். நம்பிப் போய்ப் பேசினா உருகி உருகிக் கதை சொல்லுவான், "சரி, உதவி பண்றேன்"னு நாம ஒத்துக்கிட்டா காசு கட்டி டவுன்லோட் பண்ணுன்னு நிக்கும். உலகம் அழியப்போகுது, நெருப்பைச் சுத்தி வீரர்கள் உட்கார்ந்திருக்காங்க, நடுவுல ஒரு விற்பனைப் பிரதிநிதி.

இதோட மொத்த சாமானையும் போட்டு வைக்க ஒரு பெட்டி. மூல கேம்ல அது கிடையாது. பெட்டி வேணும்னா டிஎல்சி வாங்கணும். அதுக்காகவே நான் இதை ஏழுக்குக் கீழே தள்ளுவேன்.

தேன்சிட்டு

😂 பெட்டிதான் அந்த டிஎல்சியோட உண்மையான கதாநாயகன்.

கடுகு சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா அது விற்ற விதத்தோட குத்தம். 2010 அக்டோபர்ல அல்டிமேட் எடிஷன் வந்தப்புறம் எல்லாம் ஒரே கட்டுல வந்துடுச்சு. புதுசா ஆடுறவங்களுக்கு லீவை இன்னொரு சாதாரணக் குவெஸ்ட் ஆள்தான். அதே மாதிரி ஸ்டோன் பிரிசனரை அன்னைக்குப் பழைய பிரதி வாங்கினவங்க காசு கொடுத்துத்தான் வாங்கணும், புதுப் பிரதிக்கு மட்டும் இலவசம். அந்தக் கோபம் இருந்த காலத்துல யாராவது வரிசை போட்டிருந்தா ஷேல் முதல் இடத்துக்கு வந்திருக்குமான்னு தெரியலை.

விட்ச் ஹன்ட் பத்தி யாரும் பேசலையே?

சாம்பல்காவலன்

பேச என்ன இருக்கு? மோரிகனைத் தேடிக்கிட்டு நாலு பழைய இடத்தைச் சுத்துறோம். மந்திரவாதிகள் கோபுரம், கடாஷ் தைக், ட்ராகன் எலும்புக்காடு. ஃபின், ஏரியான் ரெண்டு பேரும் நல்ல ஆளுங்க, அவங்களை வெச்சு முழு கேமே எடுத்திருக்கலாம். ஆனா அவங்களைப் பழகுறதுக்குள்ள முடிஞ்சிடுது.

ஒற்றைநரி

கடைசிப் பத்து நிமிஷம்தான் டிஎல்சி. எலுவியன்ங்கிற மாயக் கண்ணாடிக்கு முன்னாடி மோரிகன். அவளைக் காதலிச்சு ஆடினவங்க பின்னாலயே போயிடலாம், இல்லாதவங்க பேசி அனுப்பலாம், கத்தியால குத்தவும் செய்யலாம். எனக்கு அந்தப் பத்து நிமிஷம் பிடிச்சது. மீதிக்காக மறுபடி ஆட மாட்டேன்.

கடாஷ் தைக்குக்கு ஷேலோட ஏற்கெனவே போனவங்களுக்கு அங்க மறுபடி கால் வைக்கிறப்ப ஒரு மாதிரி இருக்கும். அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன், தம்பி படிக்கிறாரோ என்னவோ.

மிளிர்வாள்

டார்க்ஸ்பான் க்ரானிக்கிள்ஸ் கடைசிங்கிறதுல மட்டும் எல்லாரும் ஒத்துப்போறோமா?

கடுகு

நம்ம ஹீரோ வார்டனா சேர்ற சடங்குலயே செத்துட்டான், அலிஸ்டர்தான் தலைவன், நாம ஒரு ஹர்லாக், அதாவது டார்க்ஸ்பான்ல ஒரு வகை. டெனரிம்ல நம்ம பழைய கூட்டாளிகளையே வரிசையா வெட்டணும். யோசனை பிரமாதம். அலிஸ்டர் நாய்க்கு பார்க்ஸ்பான்னு பேர் வெச்சிருந்தான், அந்த நாயையும் கொல்லச் சொல்றாங்க. என்னால முடியலை, நாய் என்னைக் கொன்னுச்சு. அப்படியே மூடி வெச்சுட்டேன்.

கருங்கல்

சரி, திருத்தின வரிசை. அவேகனிங்கை உள்ளே விடுறேன், சாம்பல் விட மாட்டார்னு தெரியும். ஷேல் முதல்ல, அடுத்து அவேகனிங். மூணாவது ஒஸ்டகார், ஆனா லோகெய்னோட போனா மட்டும். தனியா போனா அதே ஆறுதான். அப்புறம் லெலியானா, வார்டன்ஸ் கீப், அம்கராக், விட்ச் ஹன்ட், நாய்.

சாம்பல்காவலன்

அவேகனிங் ரெண்டாவதுன்னா, எனக்குச் சம்மதமில்லை. ஆர்க்கிடெக்ட் ஒருத்தனுக்காகவே முதல் இடம் தரணும். பேசுற டார்க்ஸ்பான், தன் இனத்தை அடிமைத்தனத்துல இருந்து விடுவிக்கணும்னு கிளம்பினவன், அந்த முயற்சியே பேரழிவைக் கிளப்பிவிட்டதுன்னு கடைசியில வாய்விட்டுச் சொல்றான். அவனோட ஒப்பந்தம் போடுறதா, வெட்டுறதா? இன்னைக்கு வரைக்கும் எனக்கு விடை இல்லை. ரெண்டையும் செஞ்சு பார்த்துட்டேன், ரெண்டு தடவையும் தப்புப் பண்ணின மாதிரியே இருந்தது.

தேன்சிட்டு

அவேகனிங்ல எனக்கு ஒரு மனக்குறை. கூட வர்றவங்களோட நினைச்ச நேரத்துல பேச முடியாது. ஒரு மரத்தையோ சிலையையோ தொட்டாத்தான் வாயைத் திறப்பாங்க. ஆண்டர்ஸ், ஜஸ்டிஸ், சிக்ரன்னு இவ்வளவு நல்ல ஆளுங்களை வெச்சுக்கிட்டு! ஆரிஜின்ஸ்ல ராத்திரி நெருப்புக்குப் பக்கத்துல ஒவ்வொருத்தர்கிட்டயா போய் உட்கார்ந்த பழக்கத்துக்கு அது பாதிப் பட்டினி. ஷேல் ஏன் மேலேன்னா இதனாலதான். ஷேல் அந்த நெருப்புக்குப் பக்கத்துல இருக்கு.

சாம்பல்காவலன்

...இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆண்டர்ஸ் பூனைக்குட்டியை நினைச்சுப் பார்த்துக்கிட்டு அமைதியா இருக்கேன்.

புதுசுநான்

நாலு நாளா இந்தப் பக்கம் வரலை, கருங்கல் சொன்னதைக் கேட்டேன். ஹானலீத் போய், பூனையை நம்பாம, தரையில இருந்த தீப் புதிரோட ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, ஷேலை எழுப்பிட்டேன். எழுந்ததுல இருந்து என்னை "அது"ன்னே கூப்பிடுது. நான் ஷேலை "அது"ன்னு சொல்ல, ஷேல் என்னை "அது"ன்னு சொல்ல, ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு.

நேத்து ராத்திரி டீப் ரோட்ஸ்ங்கிற பாதாளப் பாதையில காரிடினைப் பார்த்தேன்.

தேன்சிட்டு அக்கா, நீங்க வாய் தவறிச் சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். காரிடின் ஷேலோட பேரைச் சொல்லி, அவ யாருன்னு சொன்னப்ப நான் கன்ட்ரோலரைக் கீழே வெச்சுட்டேன்.

தேன்சிட்டு

தம்பி, காரிடினை எதிர்க்கிற பிராங்கா பக்கம் சாயலையே?

புதுசுநான்

சாயலாமான்னு ஒரு சேவ் போட்டுப் பார்த்தேன். ஷேல் திரும்பி என்னைப் பார்த்தா. உடனே லோட் பண்ணிட்டேன்.